பூச்சியம் என்று எழுதவேண்டிய இடம்

புதுக்குடியிருப்புச் சந்தியில்
சீமெந்தும் முட்கம்பியும் விற்கிற கடையின் மேல்மாடி.
ஒன்பது கணினி. ஏழு வேலை செய்யும்.
படம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் எழுபது சதம்.

தென்துருவக் கடலில் ஏதோ ஒரு கப்பல்
கமராவைக் கயிற்றில் கட்டி இறக்குகிறது.
அது கண்டதெல்லாம் சாம்பல் நிறத்தில்
எனக்கு வந்து சேருகிறது.
நான் இருந்தபடி பெயர் சொல்லவேண்டும்.

சல்ப் என்று ஒன்று.
முதல் நாள் கண்டவுடன் நுங்கு என்றேன்,
பக்கத்துக் கதிரை அனுசியந்தி
தேத்தண்ணி சிந்தச் சிரித்தாள்.
நுங்குதான், பாருங்கோ:
தோல் உரித்த சுளை, உள்ளே ஒரு கறுப்புப் பொட்டு.
பொட்டுத்தான் குடல். மற்றதெல்லாம் கண்ணாடி.
முன்வாயால் கடலை உள்ளே விட்டு
பின்வாயால் கடலை வெளியே தள்ளும்.
நடுவில் சளியில் நெய்த வலை,
அதில் தங்கினதுதான் சோறு.
நீந்துவதும் தின்பதும் அதற்கு ஒரே வேலை,
பசித்துக்கொண்டு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது.

மற்றது கூனி.
பொத்தானில் கிரில் என்று எழுதியிருக்கிறது,
எழுதட்டும்.
நந்திக்கடல் கூனியைவிடப் பெரிது, கண் அதே கண்.
முன்கால் மயிரை விரித்துக் கூடையாக்கி
தண்ணீரைப் பிடித்துப் பிழிந்து விடும்.
பனிக்கட்டியின் அடிப்பக்கத்துப் பாசியை
குஞ்சுகள் தலைகீழாய் நின்று சுரண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் வரைபடம் அனுப்புவார்கள்,
நாங்கள் அழுத்தியதெல்லாம் புள்ளிகளாய்.
பனி பின்வாங்க அதன் கரையோடு
கூனியும் பின்வாங்குகிறது.
விட்டுப்போன தண்ணீரில் நுங்கு வந்து குடியேறுகிறது.
இதற்குப் பரம்பல் என்று பெயர்.
உயர்தரத்தில் குடித்தொகைப் பரம்பல் படித்தபோது
ஆசிரியர் எங்கள் மாவட்டத்தில் விரலை வைத்து
கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றார்.
பிறகு அடுத்த பக்கம்.

போன கிழமை எனக்கொரு மடல்:
நாற்பத்தொரு பெட்டியை வெறுமையாக விட்டிருக்கிறீர்கள்.
படத்தில் எதுவும் இல்லாவிட்டால் பூச்சியம் போடவும்.
வெறுமை என்றால் ஒருவரும் பார்க்கவில்லை.
பூச்சியம் என்றால் பார்த்தோம், இல்லை.

எனக்கா சொல்கிறார்கள்?
ஆறு வருடம் முகமாலையில்
முகத்துக்குக் கண்ணாடி மூடி, நெஞ்சுக்குக் கவசம்,
ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் நின்றவள்.
கருவி கத்தினால் சுரண்டு.
கத்தாவிட்டாலும் குறி.
பின்னேரம் பிரிவுத் தலைவி றோசலின் வந்து
கொப்பியைப் பார்ப்பாள்: இன்றைக்கு எத்தனை?
பூச்சியம், அக்கா.
அந்தப் பூச்சியத்தின் மேல்தான்
இப்போது ஒருவர் கச்சான் போட்டிருக்கிறார்,
இன்னொருவர் கக்கூஸ் கட்டியிருக்கிறார்.
வரைபடத்தில் வெள்ளையாய்க் கிடந்த காணிக்குள்
மாடுகூடப் போகாது.

தெரிந்தும் நாற்பத்தொன்றை விட்டுவிட்டேன்.
கண் களைத்திருக்கும்.
அல்லது எங்கள் வீட்டுப் படிவப் பழக்கம்:
அண்ணாவின் பெயருக்கு நேரே உள்ள பெட்டியில்
அம்மா எதையும் எழுத விட்டதில்லை.
அவ சொல்வது சரிதான்.
அந்தப் பக்கம் யாரும் இன்னும் வலை இறக்கவில்லை.

நாற்பத்தொன்றையும் திரும்பத் திறந்தேன்.
முப்பத்தெட்டில் தண்ணீர் மட்டும்.
இரண்டில் உடைந்த துண்டு, பெயரில்லை.
ஒன்றில், மூலையில்,
முதலில் நான் காணாமல் விட்ட ஒரு சங்கிலி.
ஒன்றோடொன்று ஒட்டிப் பதினொரு நுங்கு.
ஒன்று என்று எண்ணுவதா, பதினொன்றா?
கேட்டெழுதினேன். பதில் வரமுதல் கரண்ட் போய்விட்டது.

இருட்டில் மின்விசிறி தன்பாட்டில் சுற்றி ஓய்கிறது.
கீழே யாரோ முட்கம்பி அளக்கிறார்கள்.
நாளைக்கு எண்ணூறு மீற்றர் ஆழத்துப் படங்கள் வருமாம்,
அங்கே அநேகமாய் ஒன்றும் இராது என்கிறாள் அனுசியந்தி,
செருப்பைத் தேடியபடி.
இராவிட்டால் என்ன,
பூச்சியத்துக்கும் ஒரு ரூபாய் எழுபதுதான்.